தாய்வீடு இல்லாத வண்டி: வண்டலூர் ஹெரால்டின் கதை

சந்திப்பு மலரில் கல்லூரியைப் பற்றி எழுதாமல் காரைப் பற்றி என்னய்யா எழுத்து என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். தாம்பரத்தில் படித்தவர்களுக்கு ஹெரால்டு வெறும் கார் அல்ல, பக்கத்து ஊர்ப் பிள்ளை. நம் கல்லூரி 1937-ல் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூரில் இன்னொரு பெரிய நிறுவனம் வேர்விட்டது. அதுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. நம் கல்லூரியின் வரலாறு மலருக்கு மலர் எழுதப்படுகிறது. அந்த ஆலையின் வரலாற்றை எழுத யாரும் மெனக்கெடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1948-ல் தொடங்கிய இந்தக் கம்பெனி, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு நிறுவனமும் சென்னை யூனியன் கம்பெனியும் கைகோத்து உருவாக்கியது. முதலில் வேங்கார்டு கார்களைப் பூட்டி விற்றார்கள். 1953-ல் மத்திய அரசு, உதிரிகளை இறக்கிப் பூட்டினால் மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. வண்டலூர் நின்றது. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், நம்ம ஊரில் ஸ்டாண்டர்டு என்று மூன்று கார்களை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே ஓட்டியது.

முதலை வாய் திறக்கும் பானெட்

டிரயம்ஃப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வெளியானது. வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1961-ல் அதே வண்டி 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் வண்டலூரிலிருந்து வரத் தொடங்கியது. 948 சி.சி. எஞ்சின். திரும்ப 25 அடி வட்டம் போதும். சந்து பொந்தெல்லாம் புகுந்து வரும்.

இதன் அமைப்பில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கவென்ட்ரிக்காரர்களுக்கு பாடி செய்து கொடுத்த கம்பெனியை 1953-ல் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்து வாங்க வழியில்லை. எனவே தனி சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கும் பாடி என்று தீர்மானித்தார்கள். கஷ்டத்தில் எடுத்த முடிவு, மெக்கானிக்குகளுக்கு வரப்பிரசாதம் ஆயிற்று. பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து முதலை வாய் பிளப்பதுபோல் முன்பக்கமாகத் திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம்!

அந்த சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த முறையில் நம் ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் சீறிக்கொண்டு ஓடியதில் ஆச்சரியமே இல்லை.

நாலு கதவு

என்னிடம் இருப்பது மார்க் 3. நாலு கதவு வண்டி. இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்டு என்று ஒன்று வந்ததே இல்லை. இரண்டு கதவு வண்டியில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். பட்டுப்புடவை கட்டிய மாமியாரை அப்படி ஏறச் சொல்ல முடியுமா? நம் ஊர்க் குடும்பத்துக்காக 1960-களின் கடைசியில் வண்டலூரில் நாலு கதவு வைத்தார்கள். 1972-ல் வந்த கெஸல் வண்டியில், பின்சக்கரம் மடங்கும் பழைய அமைப்பை எடுத்துவிட்டு நேர் ஆக்ஸிலே போட்டார்கள். காப்பியடிக்கிற ஆலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யோசித்து மாற்றத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

1977-ல் கெஸல் நின்றது. 1985-ல் ரோவர் பாடிக்குள் வேங்கார்டு வம்சத்துப் பழைய எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 வந்தது. வண்டலூரில் விலங்குப் பூங்கா திறந்ததும் அதே வருஷம்தான். பூங்கா நிலைத்தது, கார் நிலைக்கவில்லை. மாருதி வந்துவிட்ட காலத்தில் விலையும் பெட்ரோல் செலவும் மிகுந்த வண்டியை யார் வாங்குவார்? 1988-ல் உற்பத்தி முடிந்தது. மிச்சமிருந்த ரோவர் உதிரிகளை இங்கிலாந்து வியாபாரிகள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

செய்தவரே சீர்செய்தால்

வெளிநாட்டில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. பழைய காரைச் செய்த கம்பெனியே திரும்ப எடுத்து, கழற்றி, புதுசாக்கித் தருகிறது. மெர்சிடிஸ் 1993-ல் ஃபெல்பாக் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு மையம் திறந்தது. ஃபெராரி 2006-ல் தொடங்கியது. ஜாகுவார் 2017-ல் தன் பழைய ஈ-டைப் வண்டிகளைத் தானே மீட்டு விற்றது. மஸ்டா தன் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு ஜப்பானில் அதைச் செய்தது. அவர்களிடம் பழைய வரைபடம் இருக்கிறது, அச்சு இருக்கிறது, எந்த நம்பர் வண்டி எந்த நிறத்தில் வெளியே போனது என்ற பேரேடு இருக்கிறது. தாய்வீட்டுக்குப் போய்வந்த பெண்போல வண்டி தெம்பாகத் திரும்புகிறது.

நம் ஹெரால்டுக்குத் தாய்வீடு எங்கே? டிரயம்ஃப் கார் என்ற பெயர் 1994 முதல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. வசம். அந்தக் கம்பெனியே 2007-ல் இதே ஜி.எஸ்.டி. ரோட்டில், மஹிந்திரா சிட்டியில் ஆலை திறந்தது. பெயருக்குச் சொந்தக்காரர் வண்டலூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறார், ஆனால் உறவு கிடையாது. விதியின் விளையாட்டு என்று இதைத்தான் சொல்வார்களோ!

எஞ்சின் சாமான் வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், ஸ்பிட்ஃபயர் புண்ணியத்தில் இன்றும் கிடைக்கிறது. பின்கதவு? அதன் கண்ணாடி, ரப்பர்? வண்டலூர் தவிர உலகில் எங்கும் செய்யாத பொருளை யாரிடம் கேட்பது? புதுப்பேட்டையில் அலசணும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரிக்கணும், கடைசியில் டிங்கர் ஒருவர் தகட்டைத் தட்டித் தட்டி உருவாக்கிக் கொடுப்பார்.

இன்னொன்று, கைப்பக்குவம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் என்ற மரையுள்ள பாகத்துக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் போட்டால் மரை காய்ந்து தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். 'ஹெரால்டா? வீல் கழண்டுடுமே' என்ற கெட்ட பேருக்கு இதுவே பெரிய காரணம். அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாலபாடம். இன்றைய மெக்கானிக் பையனுக்கு யார் சொல்வது?

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள தனி நம்பர் பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, அன்றாட உபயோகத்துக்கும் ஓட்டக் கூடாது. 1971-ல் வந்த கடைசி ஹெரால்டும் இன்று அந்த வயதைக் கடந்துவிட்டது. அசல் எது, மாற்றியது எது என்று எடுத்துச் சொல்ல ஆலையின் பேரேடு நம் கையில் இல்லையே!

மறைமலைநகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022-ல் நின்றபோது தென்புறநகர்க் குடும்பங்கள் பட்ட பாட்டை இன்றைய மாணவர்கள் கண்ணால் பார்த்தார்கள். வண்டலூர் அதை முன்பே பார்த்த ஊர். ஆலை போனால் வேலை மட்டும் போவதில்லை, வேலை தெரிந்தவர்களின் நினைவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா, தாத்தா, மாமா யாராவது ஸ்டாண்டர்டில் வேலை பார்த்திருந்தால், அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பரணில் பழைய மேனுவல், சம்பளச் சீட்டு, ஆலை வாசலில் எடுத்த போட்டோ எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். சந்திப்புக்கு வரும்போது கொண்டுவாருங்கள், நகல் எடுத்துத் திருப்பித் தந்துவிடலாம். வரலாறு படிக்கும் மாணவர்கள் இருவர் முன்வந்தால் ஒரு கோடை விடுமுறையில் இருபது பேரிடமாவது பேசிப் பதிவு செய்துவிடலாம். வண்டியைச் செய்த கைகளில் சில இன்னும் நம் பக்கத்துத் தெருக்களிலேயே இருக்கின்றன. அவர்களைத் தேடிப் போக இதுதான் கடைசிக் காலம்.