பெயரை மாற்றியவர்கள்



ஒடுக்கப்பட்டோர் தமக்கென ஒரு சங்கம் கட்டினால், "ஏன் தனித்துப் போகிறீர்கள்?" என்ற கேள்வி எதிரிகளிடமிருந்து மட்டும் வருவதில்லை. நல்லெண்ணம் கொண்டவர்களும் அதைக் கேட்கிறார்கள். அமெரிக்கக் கருப்பினக் கத்தோலிக்கரின் அனுபவம் அது. ஆலயத்தில் தனி இருக்கையையும் சாதிக்கொரு கல்லறையையும் கண்ட நமக்கு அந்தக் கதை அந்நியமல்ல.

'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்னும் கத்தோலிக்க ஆடவர் சங்கத்தின் கதவு கருப்பினத்தவருக்கு நடைமுறையில் அடைபட்டிருந்தது. ஆகவே 1909இல் அலபாமாவின் மொபீல் நகரில் 'நைட்ஸ் ஆஃப் பீட்டர் கிளேவர்' பிறந்தது. அது இன்றும் இருக்கிறது. நாம் பேச விரும்புவது நிலைக்காமல் போன இன்னொன்றைப் பற்றி.

தாமஸ் வையட் டர்னர் மேரிலாந்தில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் 1877இல் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். முதல் உலகப் போரின்போது கருப்பினப் படைவீரர்களைக் கத்தோலிக்க உதவி அமைப்புகள் புறக்கணித்தன. அதைத் தட்டிக்கேட்க வாஷிங்டனில் டர்னரைச் சுற்றிக் கூடிய சிறு குழு, 1920களின் நடுவில் 'ஃபெடரேட்டட் கலர்ட் கத்தோலிக்ஸ்' என்னும் கூட்டமைப்பாக வளர்ந்தது. கோரிக்கைகள் வெளிப்படையானவை: கருப்பினக் குருக்கள் வேண்டும், கத்தோலிக்கப் பள்ளிகள் திறக்க வேண்டும், வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் கருப்பின மாணவரைச் சேர்க்க வேண்டும். தலைமை கருப்பினப் பொதுநிலையினரிடமே இருந்தது. அதுதான் அதன் உயிர்.

ஜான் லஃபார்ஜ், வில்லியம் மார்கோ என்ற இரு வெள்ளை இயேசு சபைக் குருக்கள் துணைக்கு வந்தார்கள். உழைத்தார்கள், அதை மறுக்க முடியாது. மார்கோவின் ஏடு கூட்டமைப்பின் குரலாயிற்று. (பின்னாளில் இனவாதத்துக்கு எதிரான திருத்தந்தையின் சுற்றுமடலுக்கு வரைவு எழுத அழைக்கப்பட்டவரும் இதே லஃபார்ஜ்தான், அது வெளிவரவேயில்லை.) ஆனால் அவர்கள் விரும்பியது இரு இனத்தாரும் சேர்ந்து நல்லுறவு வளர்க்கும் சபை. டர்னர் விரும்பியதோ உரிமை கேட்கும் சங்கம். 1932இல் ஏட்டின் பெயர் 'இன்டர்ரேஷியல் ரிவ்யூ' ஆயிற்று. அதே ஆண்டு நியூயார்க் மாநாட்டில் அமைப்பின் பெயரிலிருந்து 'கலர்ட்' என்ற சொல்லே போய், 'மேம்பட்ட இன உறவுகள்' வந்தது. எதிர்த்த டர்னர் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார்.

வெறும் பெயர்தானே என்பார்கள். உறவு என்றால் இருவரும் திருந்த வேண்டும். உரிமை என்றால் ஒருவர் கொடுத்தாக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் குறையை முன்வைக்க எழுந்த மேடை, பாதிப்பவரின் மனமாற்றத்துக்குக் காத்திருக்கும் மேடையாகியது.

சங்கம் இரண்டாகப் பிளந்தது. பெயர் மாறிய பிரிவு தேய்ந்தது; லஃபார்ஜ் 1934இல் நியூயார்க்கில் வேறொரு கவுன்சிலைத் தொடங்கினார், ஏடும் அங்கே போயிற்று. டர்னரின் பிரிவு கிழக்குக் கடற்கரையில் சிறிய அளவில் 1950களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1936இல் கருப்பின மாணவர்களை மீண்டும் சேர்த்தது. டர்னருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுக்க அதற்கு 1976 வரை ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 99.