பேராக்கில் விசையியல் கல்வி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மரபார்ந்த விசையியல், பள்ளி இறுதியிலும் பல்கலைக்கழகத் தொடக்க ஆண்டுகளிலும் பயிலப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. பொருள்களின் இயக்கத்தை விசை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றால் விளக்கும் இப்பாடம், நியூட்டன் 1687இல் வெளியிட்ட விதிகளில் தொடங்கி, நுண்கணிதத்தின் துணையோடு லக்ராஞ்சு 1788இல் வகுத்த முறையை நோக்கிச் செல்கிறது.

தோட்டப்பள்ளிக் காலம்

ரப்பர் தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையை முதலாளிகளுக்கு விதித்தது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் என்பர் ஒரு சாரார்; 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையே தொடக்கமாகக் கொள்வாரும் உண்டு. அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. மேற்கொண்டு அறிவியல் கற்க, ஈப்போவின் மெதடிஸ்ட் பள்ளி (1895), ஆண்டர்சன் பள்ளி (1909), செயின்ட் மைக்கேல் பள்ளி (1912) போன்ற நகரத்து ஆங்கிலப் பள்ளிகளை நாட வேண்டியிருந்தது.

ஆறாம் படிவம்

விசையியலை ஆழமாகத் தொடும் முதல் கட்டம் ஆறாம் படிவம். கேம்பிரிட்ஜ் வழிவந்த உயர்பள்ளிச் சான்றிதழின் இடத்தை 1982இல் எஸ்.டி.பி.எம். தேர்வு ஏற்றது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகளின் பயிற்றுமொழி படிப்படியாக மலாயாயிற்று. தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, புகுமுக வகுப்பில் ஓராண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு, ஆறாம் படிவத்தில் ஈராண்டு என இப்பாதை பதினான்கு ஆண்டு நீண்டது. தமிழில் எண்ணத் தொடங்கிய மாணவர் முடுக்கத்தை மலாயில் கற்று, மேற்கோள் நூலை ஆங்கிலத்தில் படித்தார்.

துரோனோவும் ஈயக் கப்பலும்

1969இல் ஈப்போவில் உங்கு ஒமார் பாலிடெக்னிக் தொடங்கியது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. மறு ஆண்டே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தன் பொறியியல் பிரிவுகளைப் பினாங்கிலிருந்து பேராக்கிற்கு மாற்றியது. துரோனோ அருகே அமைந்த அவ்வளாகம் 2001இல் நிபோங் திபாலுக்குப் பெயர்ந்தது.

பொறியியல் முதலாண்டு விசையியலுக்கு இம்மாநிலத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1938இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கிய தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பல் சுமார் 4,500 டன் எடையுள்ளது. முடிவற்ற சங்கிலியில் கோத்த வாளிகள் குளத்தின் அடிமண்ணை அள்ளி மேலே கொணர்ந்தன. ஏறும் வாளிகளின் எடையை இறங்கும் வாளிகளின் எடை ஈடுசெய்வதால், சீரான வேகத்தில் மோட்டாரின் வேலை மண்ணைத் தோண்டித் தூக்கவும் உராய்வை வெல்லவுமே செலவாகும். நியூட்டன் வழியில், ஒவ்வொரு கண்ணியின் இழுவிசையையும் தனித்தனியே எழுத வேண்டும். லக்ராஞ்சு வழியில், சங்கிலி நீளாது எனக் கொண்டால், அது நகர்ந்த தூரம் என்ற ஒரே அளவு போதும். கண்ணிகளின் இழுவிசைகள் சமன்பாட்டுக்குள் வருவதில்லை. பள்ளிப் பாடத்துக்கும் பல்கலைக்கழகப் பாடத்துக்கும் உள்ள தொலைவு இந்த ஒரு கணக்கிலேயே தெளிவாகும். கணக்கு எளிதாகிறது, இயக்கத்தைப் பார்க்கும் பார்வையே மாறுகிறது.

அண்மைக் காலம்

1997இல் நிறுவப்பட்ட பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் துரோனோவின் பழைய சுரங்க நிலத்தில் இயங்குகிறது. அதன் கட்டடங்கள் 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றன. அதே ஆண்டு துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம் கம்பாரில் வளாகம் திறந்தது. அறிவியலும் கணிதமும் 2003 முதல் பள்ளிகளில் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆறாம் படிவத்தோடு மெட்ரிகுலேசன் கல்லூரியும் இன்று பல்கலைக்கழக நுழைவுக்கு வழியாக உள்ளது.