மிரர் பாய்மரப் படகு

மிரர் படகு 1963-ல் இங்கிலாந்தில் அறிமுகமான சிறிய பாய்மரப் படகு. நீளம் 3.3 மீட்டர். பாய்மரப் படகோட்டம் பெரும்பாலும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்த காலத்தில், சாதாரணக் குடும்பங்களுக்காக இது உருவாக்கப்பட்டது. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டுக் கைவேலைகளைக் கற்பித்த பாரி பக்னெலும் இதை வடிவமைத்தனர். டெய்லி மிரர் நாளிதழ் ஆதரவளித்தது. படகின் பெயரும் சிவப்புப் பாயும் அவ்வாறு வந்தவையே.

ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடியிழைப் பட்டையைப் பிசினால் ஒட்டி வீட்டிலேயே இதைக் கட்டலாம். தொடக்கத்தில் பாகங்களின் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங்.

நீண்ட பாய்மரத்தைச் சாலையில் கொண்டுசெல்வது கடினம். எனவே இதில் குட்டையான பாய்மரமும், பாயின் மேற்பகுதியைத் தாங்கும் பருமல் என்னும் கழியும் அமைந்தன. இரண்டும் படகுக்குள் அடங்கும். காரின் கூரையிலோ இழுவண்டியிலோ ஏற்றலாம்.

கரையில் பாய்மரத்தை நிறுத்தி, முன்புறம் ஒன்றும் பக்கவாட்டில் இரண்டுமாக மூன்று கம்பிவடங்களால் இறுக்குவர். பின்னர் ஆஞ்சான் கயிற்றை இழுத்துப் பருமலைப் பாய்மரத்தையொட்டிச் செங்குத்தாக உயர்த்துவர். கயிறு தளர்ந்தால் பருமல் பின்னால் சாயும். பாயின் வடிவம் கெடும். காற்றுக்கு எதிர்த்திசையில் முன்னேறும் திறன் குறையும்.

இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டுள்ளன. படகோட்டத்தை எளியோரிடம் கொண்டுசேர்த்ததில் அந்தக் குட்டைப் பாய்மரத்துக்கும் பங்குண்டு.