சிறுநீரக நோயாளியின் குருதி பொய் சொன்னதா?

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் பலர், சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் கட்டத்தை எட்டும் முன்பே இதய நோயால் இறந்துவிடுகின்றனர். இந்த உறவு நெடுங்காலமாக அறியப்பட்டதே. இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட், சிறுநீரில் அல்புமின் வெளியேறிய 100 நோயாளிகளின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை 1836இல் அட்டவணைப்படுத்தினார். அவர்களுள் பலருக்கு இதயத்தின் இடது கீழறை தடித்திருந்தது. குருதியின் தன்மை கெட்டதே இதற்குக் காரணமாகலாம் என்று அவர் ஊகித்தார். அதைச் சோதித்தறியும் வழி அன்று இல்லை.

1886இல் மாக்ஸ் யாஃபே, காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்துடன் சேரும் கிரியாட்டினின் செம்மஞ்சள் நிறம் தருவதைக் கண்டார். பின்னாளில் அந்நிறமே சிறுநீரகச் செயல்திறனை எண்ணால் சொல்லும் சோதனைக்கு அடிப்படையாயிற்று. 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் உருவாக்கிய இணைப்புக் குழாய், டயாலிசிஸைத் திரும்பத் திரும்பச் செய்ய வழிவகுத்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழத் தொடங்கினர். அப்போது இதய நோய் முன்னுக்கு வந்தது. நீண்டகால டயாலிசிஸில் இருப்போரின் தமனிகள் விரைந்து தடிப்பதாக அவருடைய குழுவினர் 1974இல் எழுதினர்.

அடுத்த கட்டம் டிரோபோனினுடையது. இதயத்தசை சேதமுறும்போது குருதியில் கசியும் இப்புரதம், 2000இல் மாரடைப்பின் புதிய வரையறையில் முதன்மைச் சான்றாயிற்று. ஆனால் நெஞ்சுவலியே இல்லாத டயாலிசிஸ் நோயாளிகளிடமும் அது உயர்ந்திருந்தது. பழுதுற்ற சிறுநீரகம் அதை வெளியேற்றாததால் தேங்கியிருக்கிறது, இது 'பொய்யான நேர்மறை' என்று பலர் ஒதுக்கினர். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு அறிகுறிகளற்ற 733 நோயாளிகளுள் 82 விழுக்காட்டினரிடம் டிரோபோனின் டி, இயல்பு வரம்பைத் தாண்டியிருந்தது. அந்த அளவு மிகுந்தவர்களே பின்னர் அதிகமாக இறந்தனர்.

ஆக, குருதி பொய் சொல்லவில்லை. 'இன்று மாரடைப்பா?' என்று மருத்துவர் கேட்டார். 'இந்த இதயம் நெடுநாளாக நலிந்து வருகிறது' என்று குருதி விடை சொன்னது. சில மணி நேர இடைவெளியில் அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதன் மூலம் இவ்விரண்டையும் இன்று பிரித்தறிய முயல்கிறார்கள்.

கொலஸ்ட்ரால் கற்பித்த பாடம் இதற்கு நேர்மாறானது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஸ்டாட்டின் மருந்துகளைச் சோதித்த இரு பெரிய ஆய்வுகள், 1255 பேரைக் கொண்டு 2005இலும் 2776 பேரைக் கொண்டு 2009இலும் வெளிவந்தன. இரண்டிலும் கெட்ட கொழுப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவற்றின் கூட்டு எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

சூழல் மாறினால் சொல்லின் பொருள் மாறும் என்பது மொழியியலின் பாலபாடம். குருதிக் குறிப்பான்களுக்கும் அது பொருந்துகிறது. சிறுநீரகம் நலமாக உள்ளவர்களிடம் வகுத்த வரம்புகளே பிறருக்கும் அளவுகோலாயின. இதய மருந்துகளுக்கான பல ஆய்வுகள் முற்றிய சிறுநீரக நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அவர்களை விட்டுவிட்டு எழுதிய அகராதியைக் கொண்டு அவர்களுடைய குருதியை வாசித்ததால்தான் 'பொய்' என்ற சொல் வந்தது. ஓர் அளவீடு நம் எதிர்பார்ப்போடு ஒத்துப்போகாதபோது, அதைப் பிழையென ஒதுக்கும் முன், அதன் வரம்பு யாரை வைத்து வகுக்கப்பட்டது என்று கேட்பதே ஆய்வு மாணவரின் முதற்கடமை.