ஒரே பூச்சி, மூணு பேரு: கறிவேப்பிலைச் செடியில ஒரு டூப்ளிகேட் ரெக்கார்ட்

சேலம் அம்மாபேட்டையில தறிச் சத்தம் கேட்கிற தெருவில நின்னு, ஏதாவது ஒரு வீட்டு கறிவேப்பிலைச் செடியை உத்துப் பாருங்க. இலை மேல பறவை எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தா, அது காமன் மார்மன் பட்டாம்பூச்சியோட குட்டிப் புழுவா இருக்கலாம். இன்னைக்கு அதோட கதைதான்.

1758-ல கார்ல் லின்னேயஸ் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் பட்டாம்பூச்சிகளுக்கு ட்ராய் போர்க்கதையிலிருந்து பேர் வெச்சார். ஹெக்டர், பம்மோன், பாலிட்டீஸ் மூணு பேரும் அந்தக் கதையில பிரியம் ராஜாவோட பிள்ளைங்க. அடுத்து 1770-கள்ல டச்சுக்காரர் பீட்டர் கிராமர் 'ரோமுலஸ்'னு இன்னொண்ணைச் சேர்த்தார்.

சிக்கல் என்னன்னா, பம்மோன், பாலிட்டீஸ், ரோமுலஸ் மூணும் ஒரே இனம்! பம்மோன் ஆண், மத்த ரெண்டும் பெண்ணோட வேஷங்கள். நம்ம பாஷையில சொன்னா, ஒரே ஆளுக்கு மூணு ரெக்கார்ட். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865-ல வெளியான கட்டுரையில் இந்தக் குழப்பத்தைப் பிரிச்சுப் பார்த்தார். கடைசியில நிலைச்ச பேர் 'பாலிட்டீஸ்'. அதாவது, பெண்ணுக்கு வெச்ச பேர்தான் இனத்துக்கே பேராச்சு.

ஏன் இந்த வேஷம்? ரோமுலஸ் வடிவம் காப்பியடிக்கிறது கிரிம்சன் ரோஸை, அதாவது லின்னேயஸோட 'ஹெக்டரை'. ஹெக்டரோட புழு ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி மாதிரி நச்சுள்ள செடிகளைத் தின்னும். அந்த நஞ்சு வளர்ந்த பூச்சியிலும் தங்கும்; பறவைங்க கிட்ட வராது. மார்மனோ பாகிஸ்தான்ல இருந்து ஜப்பானோட தென் தீவுகள் வரைக்கும் பரவியிருக்கு. ஹெக்டர் முக்கியமா இந்தியாவிலும் இலங்கையிலும்தான். அதனால ரோமுலஸ் வேஷமும் ஹெக்டர் இருக்கிற பக்கம்தான்.

1910-கள்ல ஃபிரையர் இலங்கையில் இதை வளர்த்துப் பார்த்து, வேஷம் மெண்டல் விதிப்படி பரம்பரையா வருதுன்னு காட்டினார். 2014-ல கிருஷ்ணமேக் குண்டே குழுவினர் 'டபுள்செக்ஸ்'ங்கிற ஒரே மரபணுதான் ஸ்விட்ச்னு கண்டுபிடிச்சாங்க. ஆணுக்குள்ளயும் அந்த மரபணு வேஷக்குறி இருக்கும், ஆனா வெளியே தெரியாது.

எனக்கு இதில முக்கியமாப் படுறது ஒண்ணு. ஒரிஜினல் இருக்கிற வரைக்கும்தான் காப்பிக்கு மதிப்பு. வேலியோரத்து ஆடுதீண்டாப்பாளையை களைன்னு மொத்தமா பிடுங்கிட்டா, ஹெக்டருக்குச் சாப்பாடு போச்சு. ஹெக்டர் குறைஞ்சா, அதைத் தின்னு கசப்புப் பட்ட பறவைங்களும் குறையும். அப்புறம் நம்ம கறிவேப்பிலைப் பூச்சியோட வேஷத்தை எந்தப் பறவை நம்பும்?

அடுத்த தடவை ரசத்துக்கு கறிவேப்பிலை உருவும்போது, அந்தப் 'பறவை எச்சம்' ஒட்டின இலையை மட்டும் விட்டுடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!