கத்தரிக்கோல் வேலைக்காரன்



பி.எஸ்சி. படிக்கும் என் பேத்தி ஆய்வகப் படம் ஒன்று அனுப்பினாள். ஜெல்லில் வரிவரியாகப் பட்டைகள். லாம்டா வைரஸின் டி.என்.ஏ.வை ஈகோ ஆர் ஒன் நொதி வெட்டினால் 6 துண்டு, ஹிண்ட் த்ரீ வெட்டினால் 8 துண்டாம். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவோடு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான். இதெல்லாம் அன்று பாடத்தில் இல்லை. தேடிப் படித்தேன்.

ஒரு வகை பாக்டீரியாவில் வளர்ந்த வைரஸ், வேறு வகைக்குள் போனால் பெருக முடியாமல் திணறுவதை 1952-இல் சால்வடோர் லூரியாவும் மேரி ஹியூமனும் எழுதினார்கள். காரணத்தை 1960-களில் ஜெனீவாவில் வெர்னர் ஆர்பர் துலக்கினார். பாக்டீரியா அந்நிய டி.என்.ஏ.வை வெட்டிவிடுகிறது. தன்னுடையதில் மட்டும் அடையாளம் வைத்துக் காத்துக்கொள்கிறது. அவருடைய பத்து வயது மகள் சில்வியா இதை ராஜா கதையாகவே சொன்னாளாம்: ராஜாவிடம் கத்தரிக்கோல் வைத்த வேலைக்காரன் உண்டு, வேற்று ராஜா வந்தால் நறுக்கிவிடுவான், தன் ராஜாவைத் தொடமாட்டான். இதைவிட நன்றாக நான் வகுப்பில் விளக்கியிருக்க மாட்டேன்.

1970-இல் பால்டிமோரில் ஹாமில்டன் ஸ்மித், குறிப்பிட்ட எழுத்து வரிசையில் மட்டும் வெட்டும் நொதியைப் பிரித்தெடுத்தார். ஈகோ ஆர் ஒன் தேடும் வரிசை ஜி-ஏ-ஏ-டி-டி-சி. எதிர் இழையைப் பின்னாலிருந்து படித்தாலும் அதேதான். நம் 'விகடகவி'க்குத் தூரத்துச் சொந்தம்!

1971-இல் டேனியல் நேதன்ஸும் அவர் மாணவி கேத்லீன் டேனாவும் எஸ்.வி.40 வைரஸின் டி.என்.ஏ.வை வெட்டி ஜெல்லில் 11 பட்டைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். பேத்தி செய்த பயிற்சியின் மூத்த வடிவம் அதுதான். 1978 நோபல் பரிசு ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவருக்கும். மாணவியின் பெயர் யாருக்கும் நினைவில்லை. வாத்தியாருக்கு அது உறுத்தாதா?

இதன் பயனை அரிவாள் செல் ரத்தசோகையில் பாருங்கள். ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் எழுத்து, 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. அவ்வளவுதான் பிழை. எம்.எஸ்.டி. டூ என்ற நொதி வெட்டும் இடம் அதனால் அழிந்துபோகிறது. சுமார் 1,150, 200 எழுத்துகளாகப் பிரிய வேண்டியது 1,350 எழுத்துள்ள ஒரே துண்டாக நிற்கும். கருவிலுள்ள குழந்தைக்கு நோய் உண்டா என்று 1982-இலிருந்து இப்படிப் பார்க்க முடிந்தது.

இந்த நோயின் கூறு நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பதை லேமனும் கட்புஷும் வெளியிட்டதும் அதே 1952-இல்தான். கூடலூர்ப் பக்கம் செவிலியராக இருக்கும் என் மாணவிகள் யாராவது, அங்கே இப்போது என்ன சோதனை செய்கிறார்கள் என்று கீழே எழுதுங்களம்மா.