கூரைத் தொட்டியும் சலவை இயந்திரமும்

கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சலவை இயந்திரம் நீர்மட்டப் பிழை காட்டி நின்றுவிட்டால், நீர்மட்ட உணரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்ற பேச்சு எளிதில் எழுகிறது. இவ்வட்டாரத்தின் குடிநீர் வரலாறோ, முதலில் ஐயப்பட வேண்டியது உணரியை அல்ல, வீட்டுக்குள் தண்ணீர் வந்து சேரும் வழியை என்று காட்டுகிறது. உணரியின் வேலை எளிமையானது. துவைக்கும் தொட்டியின் அடியில் உள்ள சிறு காற்றறையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலேறி உணரியில் முடிகிறது. தண்ணீர் உயர உயர, குழாயில் அடைபட்ட காற்று இறுகி உணரியின் சவ்வை அழுத்தும். மின்னணு உணரியில் அதற்கேற்ப அதிர்வெண் மாறும். குறித்த நிமிடங்களுக்குள் அந்த மாற்றம் தெரியவில்லை என்றால் இயந்திரம் பிழை என்று முடிவு கட்டிவிடும். தண்ணீர் போதிய வேகத்தில் வரும் என்ற நம்பிக்கையை வைத்தே இந்தக் கெடு விதிக்கப்பட்டிருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு இந்தப் பள்ளத்தாக்கு அவ்வளவாக இடம் கொடுத்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூருக்கு அம்பாங் பக்கத்து மலைநீர் குழாயில் வந்தது. நகரம் பெருகியபோது அது போதவில்லை. 1958இல் கிள்ளான் கேட்ஸ் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதுவும் போதாமல் லங்காட், செமினி, சிலாங்கூர் ஆறுகளை நாட வேண்டியிருந்தது. 1998இல் எல் நினோ வறட்சியில் அணைகள் வற்றி, மாதக்கணக்கில் பங்கீடு நடந்தது. 2014இல் மறுபடியும் பங்கீடு: இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் வறண்ட குழாய். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலந்ததால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, 10 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் பாதிக்கப்பட்டன. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் தோட்டத்து லயங்களிலும் கையால் துவைத்த தலைமுறைக்குத் தண்ணீர் மெதுவாக வந்தால் காத்திருப்பது ஒன்றே தொல்லை. வாளி எப்போது நிறைந்தது என்பதைக் கண்ணே சொல்லிவிடும். இயந்திரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இந்தத் தட்டுப்பாட்டை வீடுகள் சமாளிப்பது கூரைக்குள் இருக்கும் தொட்டியால். தொட்டி வைக்கும் வழக்கம் பிரித்தானியக் குழாய்முறையின் எச்சம், தண்ணீர்த் தடைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒருவர் மறுக்கலாம். தொடக்கம் அப்படியே இருக்கட்டும். ஆனால் பிரித்தானியாவின் புதிய வீடுகளில் பலவும் அதைக் கைவிட்டுவிட்ட பிறகும் இங்கே அது நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு தடையும் அதன் தேவையைப் புதுப்பித்துக் கொடுத்ததே காரணம். அதற்கான விலையைச் சலவை இயந்திரம் கொடுக்கிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். மாடியில் இயந்திரத்தின் குழாய்க்கு மேல் இரண்டு மீட்டரில் தொட்டி இருந்தால் 0.2 பார். பல இயந்திரங்களின் கையேடுகள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கின்றன. போதாததற்கு, தடை நீங்கி வரும் முதல் தண்ணீர் குழாயின் துருவையும் வண்டலையும் அடித்துக்கொண்டு வந்து, நுழைவாயில் வால்வின் சல்லடையை அடைக்கிறது.

இயந்திரமே நீர்வரத்துக்கு ஒரு குறியீடு, உணரிக்கு வேறொரு குறியீடு என்று பிரித்துக் காட்டுகிறதே, பிறகென்ன குழப்பம் என்பது வலுவான மறுப்பு. எல்ஜி இயந்திரங்களில் ஐஇ நீர்வரத்தையும் பிஇ அழுத்த உணரியையும் குறிப்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் ஏறியதா என்பதை இயந்திரம் அந்த ஒரே உணரியின் வாயிலாகத்தான் அறிகிறது. காற்றறையில் சோப்புக் கசடு படிந்தாலோ மெல்லிய குழாய் கழன்றாலோ, தண்ணீர் ஏறியும் ஏறவில்லை என்றே அதற்குத் தோன்றும். நீர்வரத்தின் மேல் பழி விழும். குறியீடு ஓர் ஊகம். சில வேளைகளில் உணரியே பழுதாகியிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. எதிலிருந்து தொடங்குவது என்பதே கேள்வி. மேலிருந்து துணி போடும் இயந்திரமானால், சுழற்சியைத் தொடங்கிவிட்டு வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். மட்டத்தை உணர்ந்து துவைக்கத் தொடங்கினால் உணரியும் அதன் குழாயும் நலம். சல்லடையைக் கழுவி, இணைப்பைக் கூரைத் தொட்டியிலிருந்து நேரடிக் குழாய்க்கு மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஊற்றியும் அசையவில்லை என்றால் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு மெல்லிய குழாயையும் காற்றறையையும் சுத்தம் செய்ய வேண்டும். புதிய உணரி வாங்குவது அதற்குப் பிறகுதான்.